திரும்பின வளைவு

கொண்டக்டர் இல்லாமல் ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அது என்னுடைய பஸ்.

கண்டி பஸ் ஸ்டாண்டில் மீன் பணிஸ் விற்கிற மாலுபான் கடைக்கு முன்னால் எனக்கென்று ஒரு கதிரை போட்டிருக்கும். அதில் உட்கார்ந்திருந்தேன். தெல்தெனியவிலிருந்து என் 'மலையரசி' வந்து நின்றாள். சனம் இறங்குகிறது. மிதிபலகையில் ஆளைக் காணோம். டிரைவர் பண்டா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறான். பண்டா சிங்களவன். என்னோடு இருந்து இருந்து தமிழ் படித்தவன்.

"எங்கடா அவன்?"

"எறங்கிட்டான் முதலாளி. குண்டசாலை தாண்டி. ஒரு உம்மாவ கூட்டிக்கிட்டு பின்னால போனான்."

"பின்னாலயா?"

"பின்னாலதான்."

நான் வாயில் வந்ததையெல்லாம் பேசி முடிப்பதற்குள், டிக்கட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சட்டை தெப்பலாக நனைந்து, அவன் ஓடி வந்தான். வேலைக்குச் சேர்ந்து முதல் மாதம்கூட முடியவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு பெரிய பைகளோடு ஒரு முஸ்லிம் அம்மா, மகள் வீட்டுக்குப் போக ஏறியிருக்கிறார். குண்டசாலையில் இறங்க வேண்டியவர் தூங்கிவிட்டார். இவனும் சனத்துக்குள் மறந்துவிட்டான். அடுத்த பஸ் ஹோல்டில் பார்த்ததும் இவனுக்குப் பொறுக்கவில்லை. அவரை இறக்கி, இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு, அவர் இறங்க வேண்டிய இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து கண்டிக்கு ஓட்டம்.

"தென்னக்கும்புர பாலத்துக்கிட்ட பஸ்ஸு ஜாம்ல நிக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சிச்சுங்க முதலாளி. ஏறியிருக்கலாம்."

"அப்புறம் ஏன்டா ஏறல?"

"மூச்சு நல்லா வந்திருந்திச்சுங்க. நிப்பாட்ட மனசு வரல."

இப்படி ஒரு பதிலுக்கு என்ன தண்டனை கொடுப்பது? மற்ற எந்த முதலாளியாக இருந்தாலும் அந்த இடத்திலேயே கணக்கை முடித்து அனுப்பியிருப்பான். நான் அனுப்பவில்லை. ஆளைப் பார்த்தவுடன் தரம் தெரிந்துகொள்வேன். அந்தப் படிப்பு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்து லயத்து ஒற்றை அறையிலிருந்து ஒரு சாரத்தோடு கண்டிக்கு வந்து, பஸ் கழுவி, டயர் மாற்றி, கொண்டக்டராகி, டிரைவராகி, இன்றைக்குத் தெல்தெனிய ரோட்டில் மூன்று பஸ் ஓடுகிறதென்றால் மூன்றும் என் மூளையில் ஓடுகிற பஸ். சந்தேகமிருந்தால் அந்த ரோட்டில் யாரிடமும் கேட்கலாம். நான் முன்னுக்கு வந்த விதமே வேறு. பின்னால் திரும்பிப் பார்க்கிற வழக்கம் எனக்கில்லை.

அவனுக்கு அது ஒன்றுதான் வழக்கம்.

தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவன் வீடு. முதல் பஸ்ஸுக்கு வர வேண்டியவன் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, தேயிலை மலையிலிருந்து இறங்கி, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையோரம் ஓடி, பீலித் தண்ணீரில் குளித்து, இலைக்கஞ்சி ஒரு கோப்பை குடித்துவிட்டு மிதிபலகையில் நிற்பான். மழைக்காலத்தில் கெண்டைக்காலில் அட்டை கடித்த இரத்தம் காயாமல் இருக்கும். ஆரம்பத்தில் வெறுங்கால். பிறகு நான்தான் நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். கண்டியில் அப்போது இருந்ததிலேயே நல்லது அது.

சப்பாத்து வந்ததும் இன்னொரு தொல்லை வந்தது. நனைந்த காலுறையைக் காயப்போட அவனுக்குக் கிடைத்த இடம் பஸ்ஸின் எஞ்சின் மூடி. சூட்டுக்கு நல்லாக் காயும், உண்மைதான். ஆனால் முன் சீட்டில் உட்காரும் சனம்?

"தம்பி, இதென்ன கருவாடா?" என்று ஒரு டீச்சரம்மா தினமும் கேட்பார்.

"இல்லைங்க டீச்சர், இன்னைக்கு ஓடினது."

"நேத்து ஓடினது எங்க?"

"அது ஜன்னல்ல காயுதுங்க."

கண்டியில் பஸ் வரிசையில் நிற்கிற நேரத்தில் மற்ற கொண்டக்டர்மார் பிளேன்டீ குடித்து, அரசியல் பேசி, சீட்டில் கால் நீட்டிப் படுப்பார்கள். இவன் சட்டையைக் கழற்றி பண்டாவிடம் கொடுத்துவிட்டு வாவியைச் சுற்றப் போய்விடுவான். உச்சி வெயில். குடை பிடித்து நடக்கிற பெண்களும், மரநிழலில் நிற்கிற வெள்ளைக்காரர்களும், தண்ணீரிலிருந்து தலையை நீட்டும் கபரகொய்யா உடும்பும் பார்த்துக்கொண்டிருக்க இவன் ஓடுவான். வாவியைச் சுற்றியுள்ள நாய்கள் எல்லாவற்றுக்கும் இவனைத் தெரியும். ஒன்று மட்டும் தெரியாததுபோல் குரைக்கும். அதுவும் பழக்கத்துக்குத்தான் என்பான்.

சில நாள் சுற்று முடிவதற்குள் எங்கள் பஸ்ஸின் முறை வந்துவிடும். பண்டா ஹோர்ன் அடித்ததும், விட்டது விட்டபடி ஸ்டாண்டுக்கு வந்துவிடுவான். மனிதன் என்றால் அதோடு விட வேண்டுமா இல்லையா? அடுத்த முறை கண்டிக்கு வரும்போது, மத்தியானம் கரையில் சனம் உட்காருகிற எந்த வாங்கின் பக்கத்தில் நிறுத்தினானோ அந்த வாங்கு வரைக்கும் நடந்து போவான். ஓட மாட்டான்; நடந்துதான் போவான். அந்த வாங்கைக் கையால் ஒரு தட்டு தட்டுவான். அங்கிருந்துதான் ஓட்டம் தொடங்கும்.

"ஏன்டா, இங்கிருந்தே ஓடினா என்ன? ரோடு கோவிச்சுக்குமா?"

"மிச்சம் கிடக்குதுங்க முதலாளி."

எதற்கெடுத்தாலும் இந்த ஒரு சொல்தான். பஸ்ஸில் ஒருவர் குடையை விட்டுப் போனால், ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து "மிச்சம் கிடந்திச்சுங்க" என்பான். பாதி சொன்ன கதையை மூன்று நாள் கழித்து வந்து, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவான். கேட்கிறவனுக்கு என்ன கதை என்றே மறந்திருக்கும்.

அவன் பெண்சாதி ஒருமுறை என்னிடம் முறையிட்டாள். சிரித்துக்கொண்டேதான் முறையிட்டாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க முதலாளி. பருப்பு வாங்க மறந்துட்டு மலையேறி வந்துட்டாரு. நல்ல மழை. பக்கத்து வீட்டுல ஒரு சுண்டு கேட்டு வாங்குறேன்னு சொல்றேன். கேக்கல. மறந்தது நான்தானேன்னு சொல்லிட்டு திரும்ப டவுனுக்கு எறங்குறாரு. பருப்பு வந்துச்சு, கூடவே காய்ச்சலும் வந்துச்சு."

"காய்ச்சல்ல படுத்தானா?"

"எங்க படுத்தாரு? பஸ்ஸுக்குல்ல வந்துட்டாரு."

சித்திரை வருஷப்பிறப்பு வந்தால் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மரதன் ஓட்டம் வைப்பார்கள். அவனுக்கு அதுதான் அறுவடை. ஓர் ஊரில் மின்விசிறி, இன்னோர் ஊரில் பிளாஸ்டிக் கதிரைகள், மற்றோர் ஊரில் அரிசி மூட்டை. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, வெளியூர்க்காரருக்குப் பரிசு கிடையாது என்று எல்லா ஊரிலும் சட்டம் போட்டுவிட்டார்கள். அவனுக்காகவே போட்ட சட்டம். நான் அதைப் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். ஒருத்தன் ஓடினான் என்று ஊரே சட்டம் மாற்றுவது லேசான காரியமா?

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய ஓட்டம் வந்தது. தெல்தெனியவில் தொடங்கி, எங்கள் பஸ் ஓடுகிற அதே ரோட்டில் வந்து, கண்டி வாவிக்கரையில் முடியும். கொழும்புப் பக்கத்து ஆடைக் கம்பனி ஒன்று தன்னுடைய ஓட்டக் குழுவுக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. முதல் மூன்று பேருக்கு நிரந்தர வேலை, இருக்க வீடு, ஓடுவதற்கென்றே தினமும் நேரம். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இவனுக்கு முப்பது நெருங்கிவிட்டது. அடுத்த முறை கிடையாது. பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சி. லயத்து அறையில் இரண்டு அண்ணன்மாரின் குடும்பமும் இவர்களோடுதான்.

"ஜெயிச்சா போயிருவியாடா?" என்று கேட்டேன்.

"போகணும்ங்க முதலாளி. புள்ளைக்கு ஒரு ரூமாவது வேணும்ல."

இப்படி ஒரு கொண்டக்டர் எனக்கு இனிக் கிடைக்க மாட்டான் என்று தெரியும். ஆனாலும் என் பஸ்ஸிலிருந்து ஒருவன் கம்பனிக் குழுவுக்குப் போவதென்றால் அது யாருக்குப் பெயர்? பெனியன் அடித்துக் கொடுத்தேன். முன்னால் 'மலையரசி', பின்னால் என் பெயர். ஓடுகிறவர்களின் உடுப்புப் பைகளைக் கண்டிக்கு ஏற்றிவர ஒரு பஸ் தேவை என்றார்கள். அதையும் கொடுத்தேன். டீசலும் நான்தான். அன்றைக்கு முன் சீட்டில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திகனயைத் தாண்டி வந்தால் ஒரு ஏற்றம். ஏற்றத்தின் அடியில் அப்போது டைம்கீப்பரின் தகரப் பெட்டிக்கடை போன்ற ஒரு கூடு இருந்தது. எந்த பஸ் எத்தனை மணிக்கு அந்த இடத்தைத் தாண்டியது என்று அட்டையில் குறித்துக் கொடுப்பது அவர் வேலை. அங்கே பஸ்ஸை நிறுத்தினால் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். ஆகவே நிறுத்துவதில்லை. கொண்டக்டர் முன்கூட்டியே குதித்து ஓடி, அட்டையைக் குறித்து வாங்கிக்கொண்டு, ஊர்ந்து வருகிற பஸ்ஸோடு ஓடுவான். பண்டா "நகின்ன!" என்று கத்துவான். சிங்களத்தில் 'ஏறு' என்று அர்த்தம். இவன் ஒரே தாவலில் மிதிபலகையில் நிற்பான். "ரைட்!" பஸ் பறக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வருஷம்.

ஓட்டம் தொடங்கி வெகுநேரத்துக்குப் பிறகுதான் நாங்கள் பைகளோடு கிளம்பினோம். நொண்டுகிறவர்கள், இருமுகிறவர்கள், தேங்காய்க் கடையில் இளநீர் குடிக்க நின்றுவிட்டவர்கள் என்று ஒவ்வொருவராகத் தாண்டி வந்தோம். திகனயும் தாண்டியது. அவனைக் காணோம். காணாதது நல்லதென்று எனக்குச் சந்தோஷம். ஏற்றத்தின் அடிக்கு வரும்போது தெரிந்தது என் பெயர், அவன் முதுகில். மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். முன்னால் போன இருவரும் மேல் வளைவில் மறைந்துவிட்டார்கள். பின்னால் வருகிறவன் இன்னும் கண்ணில் படவில்லை.

ரோடு அங்கே ஒடுக்கம். பண்டா வேகத்தைக் குறைத்தான். இடது பக்கம் டைம்கீப்பரின் கூடு. கூட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸோடு சேர்ந்து ஓடுகிறான் இவன். பண்டாவின் வாய் தானாகத் திறந்தது.

"நகின்ன!"

அவன் தாவி ஏறினான்.

ஒரு கை கம்பியில். மறு கையால் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு. "ரைட், ரைட்! போவோம்! உள்ளுக்குப் போங்க, உள்ளுக்கு இடமிருக்கு!" என்று பஸ்ஸுக்குள் திரும்பிக் கத்தினான். உள்ளே வெறும் பைகள்தான் இருந்தன. பைகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அதற்குள் பண்டா ஏற்றத்தை ஏறி வளைவுக்கே வந்துவிட்டான்.

"ஐயோ முதலாளி!"

குதித்துவிட்டான். பண்டா பிரேக்கைப் போட்டு, "என் வாயி! என் வாயி!" என்று ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான்.

நான் கதவால் எட்டிப் பார்த்துக் கத்தினேன். "டேய், ஓடுடா! ஒரு குருவிகூடப் பார்க்கல! ஓடு!"

அவன் கண்டிப் பக்கம் பார்த்தான். வந்த வழியைப் பார்த்தான். முகத்தில் வேர்வை வழிகிறது. அந்த நேரத்திலும் எனக்குப் பதில் சொல்லாமல் போகவில்லை.

"மிச்சம் கிடக்குதுங்க."

இறக்கத்தில் திரும்பி ஓடினான்.

கீழேயிருந்து ஐந்தாறு பேர் அப்போதுதான் ஏறி வந்தார்கள். எதிரே இறங்கி ஓடுகிறவனைப் பார்த்து ஒருவன், "தம்பி, கண்டி இந்தப் பக்கம்!" என்று சிங்களத்தில் கத்திச் சிரித்தான். இவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. டைம்கீப்பரின் கூடு வரைக்கும் போனான். வாவிக்கரை வாங்கைத் தட்டுவதுபோல் அந்தத் தகரத்தை ஒரு தட்டு தட்டினான். பாவம் அந்த மனிதர், பழக்கத்தில் காதிலிருந்த பென்சிலை எடுத்து, "அட்டை எங்க?" என்று கேட்டாராம்.

மறுபடியும் ஏற்றம். நாங்கள் வளைவில் ஓரமாக நிற்கிறோம். எங்களைத் தாண்டும்போது முகத்தை ரோட்டோர வடிகான் பக்கம் திருப்பிக்கொண்டு ஓடினான். பஸ்ஸைப் பார்த்தால் கால் மறுபடியும் தாவிவிடும் என்று அவனுக்குப் பயம் போலிருக்கிறது.

வாவிக்கரையில் நான் இறங்கிக் காத்து நின்றேன். என் நெஞ்சு அடித்த மாதிரி என் முதல் பஸ்ஸை வாங்கின அன்றைக்குக்கூட அடித்ததில்லை. முதல் ஆள் வந்தான். இரண்டாவது ஆள் வந்தான். பிறகு தூரத்தில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் தெரிந்தார்கள். பின்னால் வருவது எங்கள் 'மலையரசி' பெனியன். தாண்டிப் போன ஐந்தாறு பேரில் ஒருவனைத் தவிர மற்றவர்களையெல்லாம் விழுங்கிவிட்டு வருகிறான். பண்டா தொண்டை கிழிய, "துவப்பன் மல்லி, துவப்பன்!" என்கிறான். நான் அதையே தமிழில் "ஓடுடா!" என்கிறேன். சனம் முழுக்கக் கத்துகிறது.

ஒரு பஸ் நீளம். அவ்வளவுதான் குறைந்தது. நான்காவதாக வந்தான்.

கம்பனி துரை மூன்று பேரின் பெயரை எழுதி மூடிவிட்டார். நான் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசத் தொடங்கினேன். பின்னாலிருந்து ஒரு ஈரக் கை என் கையைப் பிடித்தது.

"ஒண்ணும் சொல்லாதீங்க முதலாளி. சொன்னா பண்டா அண்ணனுக்குத்தான் கெட்ட பேராயிரும்."

ஒரு சான்றிதழும் ஒரு சோற்றுப் பொட்டலமும் கொடுத்தார்கள். பொட்டலத்தை அவன் பண்டாவிடம் கொடுத்தான். பண்டா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நானே தெல்தெனியவுக்குப் போய்விட்டேன். ஆள் வருவானா என்று பார்க்கத்தான். வந்தான். கஞ்சிக் கோப்பையோடு நின்றவனை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"யாரு பார்த்தா? சொல்லுடா. உனக்கு வேலை போச்சு, வீடு போச்சு. யாருக்கு என்ன லாபம்?"

"அந்த ஏத்தத்துல நான் தினமும் பஸ்ஸுல வரணுமே முதலாளி. ஓடாத துண்ட எப்படிப் பார்த்துக்கிட்டு வர்றது?"

"மடையா! ஜெயிச்சிருந்தா நீ கம்பனிக்குல்ல போயிருப்ப? அந்த ஏத்தத்துல உனக்கு என்னடா வேலை?"

கோப்பையை வாய்க்குக் கொண்டு போனவன் நிறுத்திவிட்டான். யோசித்தான். அவனுக்கு அது தோன்றவே இல்லை போலிருக்கிறது.

"ஆமால்ல?" என்றான்.

பிறகு சிரிக்கத் தொடங்கினான். கஞ்சி சிந்தியது. பண்டா சிரித்தான். கடைசியில் நானும் சிரித்துவிட்டேன். அவன் பெண்சாதி மட்டும் சிரிக்கவில்லை. கிளினிக்குக்குப் போக அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். "ஏறினாரு, அது பழக்கம். இறங்கினாரு, அதுவும் சரி. திரும்பிப் போனாரு பாருங்க, அதுதான் இவரு. இவர எந்தக் கம்பனியும் மாத்த முடியாது முதலாளி" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்களுக்குத் தெல்தெனிய டவுனில் என் கராஜுக்குப் பின்னால் இருந்த அறையைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தேன். தாராளம் என்றால் என்ன என்று என்னிடம்தான் படிக்க வேண்டும். பிள்ளை அங்கேதான் பிறந்தது, பெண். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வரைக்கும் அவன் என் மிதிபலகையில் நின்றான். பிறகு கட்டாருக்குப் போனான். அங்கும் பஸ் வேலைதான். விடிவதற்கு முன்னால், வெயில் ஏறுவதற்குள், கடற்கரையில் ஓடுகிறானாம். "ரோடெல்லாம் நேரா கிடக்குதுங்க முதலாளி, ஒரு வளைவு இல்ல" என்று போனில் குரல் அனுப்புவான். பின்னணியில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்.

ரோட்டை அகலமாக்கியபோது டைம்கீப்பரின் கூட்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் அந்த வளைவுக்கு அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. முதலில் மற்ற பஸ்காரர்கள் நக்கலுக்குச் சொன்னார்கள். பிறகு சனம் சொல்லியது. போன மாதம் நான் என் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இப்போது நிற்கும் புதுக் கொண்டக்டர் அவனைப் பார்த்ததே இல்லை. வளைவு வந்ததும் "திரும்பின வளைவு இறக்கம்!" என்று கத்தினான். அக்குறணையில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தம்பி இந்த எடத்துக்கு இப்பிடி ஒரு பேரு?"

"தெரியாதுங்களா அக்கா? அந்தக் காலத்துல கண்டி ராஜா வெள்ளைக்காரனுக்குப் பயந்து இந்தப் பக்கமாத்தானே ஓடினாரு. இந்த வளைவுல நின்னு ஒருதரம் கண்டியத் திரும்பிப் பார்த்தாராம்."

"அல்லாஹ்! பாவம்" என்றாள் அவள்.

நான் வாயைத் திறந்தேன். என் பஸ், என் கொண்டக்டர், என் பெனியன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு இருக்கிறது! ஆனால் அவள் ஜன்னலால் அந்த வளைவைப் பார்த்த பார்வையைக் கண்டு மூடிக்கொண்டேன். ராஜா என்றே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அவனுக்குக் குரல் அனுப்பினேன். "டேய், உன்னை ராஜாவாக்கிட்டாங்கடா" என்று முழுக் கதையையும் சொன்னேன். பதில் மறுநாள் காலையில் வந்தது. காற்றுச் சத்தம், கடல் சத்தம், சப்பாத்துச் சத்தம். நடுவில் அவன் மூச்சு.

"கேட்டேங்க முதலாளி... கேட்டுச் சிரிச்சதுல பாதியில நின்னுட்டேன்... சிரிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் நடந்தும் வந்துட்டேன்... இருங்க, நின்ன எடத்துக்குப் போயிட்டு வந்து பேசுறேன்."